ஆச்சி ஒரு ஞாயிறுகூடக் கோயிலுக்குத் தவறியதில்லை

வாசகர் ஒருவரின் கேள்வி
2024 நவம்பர் 3, காலை 11.20

நினைவு ஆராதனைகளில் வாசிக்கிற வாழ்க்கைக் குறிப்பைக் கேட்டுக் கேட்டு மனசு விட்டுப்போச்சு. எல்லா அம்மாவும் பக்தியுள்ளவர், எல்லா ஆச்சியும் ஜெப வீராங்கனை, எல்லாரும் ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போனவர்கள். பெயரை மட்டும் மாற்றினால் யாருக்கும் பொருந்தும். ஒரு மனுஷியை உள்ளபடி எழுத முடியாதா? எழுதிப் பார்த்தவர்கள் இருக்கிறீர்களா?

நவம்பர் 3, இரவு 9.40

அந்த வேலை இப்போது என் தலையில்தான் இருக்கிறது. ஜனவரி 19 ஞாயிறு எங்கள் ஆச்சிக்கு முதலாம் ஆண்டு நினைவு ஸ்தோத்திர ஆராதனை. வாழ்க்கைக் குறிப்பு ஒரு பக்கம், ஐயர் வாசிப்பார், நீ எழுது என்று பெரிய மாமா சொல்லிவிட்டார். (எங்கள் ஊர்ப்பக்கம் சபைப் போதகரை ஐயர் என்றும், தேவாலயத்தைக் கோயில் என்றும்தான் சொல்வோம்.)

மத்தியானம் உட்கார்ந்து எழுதினேன். "தெய்வபக்தியுள்ள குடும்பத்தில் பிறந்து, கர்த்தருக்குப் பயந்து பிள்ளைகளை வளர்த்து, பெண்கள் ஐக்கிய சங்கத்தில் பல ஆண்டுகள் உழைத்து..." எழுதினதை வாசித்துப் பார்த்தேன். அதில் ஆச்சியைக் காணோம். நீங்கள் சொல்வது சரி.

ஒன்றை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன். "ஞாயிறு தவறாமல்" என்பது எங்கள் ஆச்சி விஷயத்தில் வெறும் அலங்காரம் இல்லை. 1953-இல் கல்யாணமாகி அந்த ஊருக்கு வந்தவர். எழுபது வருஷம், ஒரு ஞாயிறுகூடத் தவறவில்லை. தவறிய ஒரே ஞாயிறு 2023 டிசம்பர் 17. அன்றைக்கு வெள்ளம்.

நவம்பர் 4, காலை 6.15

அந்த ஞாயிறைச் சொல்ல வேண்டும்.

டிசம்பர் 17 காலையிலிருந்தே கொட்டியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் என்று அப்புறம் செய்தியில் பார்த்திருப்பீர்கள். எங்கள் ஊர் உடன்குடிக்கும் மெஞ்ஞானபுரத்துக்கும் நடுவில். செம்மண் தேரி, எவ்வளவு மழை பெய்தாலும் மண் குடித்துவிடும் என்றுதான் தலைமுறை தலைமுறையாக நம்பியிருந்தோம். அன்றைக்கு மண் குடிக்கவில்லை. வீட்டுக்குள் முழங்கால் வரை தண்ணீர். ஆச்சியைக் கட்டிலோடு தூக்கி நெற்குதிர் மேடையில் வைத்தார்கள். கோயிலில் முதல் மணி அடித்தபோது "சீலையை எடு" என்றாராம். இரண்டாம் மணி அடிக்கவே இல்லை.

நான் சென்னையிலிருந்து போய்ச் சேர்ந்தது 22-ஆம் தேதி. திருச்செந்தூர் ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்று எண்ணூறு பேர் மாட்டிக்கொண்டிருந்த வாரம் அது. நான் பஸ் மாறி மாறிப் போனேன். வீடு முழுக்கச் சேறு. ஆச்சி திண்ணையில் உட்கார்ந்து மடியில் வேதாகமத்தை வைத்துக்கொண்டிருந்தார். நனைந்து ஊறி, அரைச் சாண் தடிமன் ஒரு சாணாக உப்பியிருந்தது. தாள்கள் ஒட்டிக்கொண்டு ஒரே கட்டி.

தென்னை ஈர்க்கை நுனி சீவி, தாள் தாளாகப் பிரிக்கச் சொன்னார். நகத்தால் பிரித்தால் கிழியும், ஈர்க்கு என்றால் வழுக்கிக்கொண்டு போகும். இரண்டு நாள் அந்த வேலைதான். வேதாகமத்தின் சங்கீதப் புத்தகத்தில், 88-ஆம் சங்கீதத்துக்கு எதிரே, ஒரு நாள்காட்டித் தாள். தினமும் கிழிக்கிற சின்னத் தாள். 1966 ஜூலை 10, ஞாயிறு. சிவப்பு எழுத்து தண்ணீரில் ஊறி ரோஸ் நிறமாகியிருந்தது.

"இது என்ன ஆச்சி?"

"அத அங்கனயே வையிட்டி."

வைத்துவிட்டேன். கிறிஸ்துமஸ் அன்று அதிகாலை ஆராதனைக்குச் சின்ன மாமா ஆச்சியை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போனார். ஜனவரி 18-ஆம் தேதி ஆச்சி போய்விட்டார். நான் மறுபடி கேட்கவில்லை.

நவம்பர் 6

வயது விஷயம். கல்லறைக் கல்லில் 1935. ரேஷன் அட்டையில் 1937. துக்க அறிவிப்பில் 88 வயது என்று போட்டோம். ஆச்சி எப்போதும் சொல்வது: "நான் பெரிய வெள்ளி அன்னைக்குப் பொறந்தவ, மும்மணி ஆராதனை நடக்கும்போது." யாரும் அதைக் கணக்கில் எடுக்கவில்லை.

பிறந்த ஊர்ச் சபையின் ஞானஸ்நானப் பதிவேட்டை ஒரு உறவுக்காரர் பார்த்துப் படம் அனுப்பினார். ஞானஸ்நானம் 1934 மே 27, பிறந்தது மார்ச் 30. 1934-இல் ஈஸ்டர் ஏப்ரல் 1. அப்படியென்றால் மார்ச் 30 பெரிய வெள்ளிதான். ஆச்சி சரியாகச் சொல்லியிருக்கிறார். நாங்கள்தான் மூன்று இடத்திலும் தப்பாக எழுதிவைத்திருக்கிறோம். போகும்போது 89, தொண்ணூறுக்கு இரண்டரை மாதம் பாக்கி.

நவம்பர் 9

பிறந்த ஊர் எது என்று கேட்டிருந்தீர்கள். முதலூர்ப் பக்கம். 1799-இல் புதுக் கிறிஸ்தவர்கள் கூடிக் குடியேறிய ஊர் முதலூர், பெயரே அதனால்தான். முதலூர் என்றதும் இங்கே பாதிப்பேருக்கு மஸ்கோத் அல்வா ஞாபகம் வந்திருக்கும். தேங்காய்ப் பாலில் கிண்டுவது. ஆச்சிக்கும் அதுதான் பெருமை. திருநெல்வேலி அல்வாவை யாராவது புகழ்ந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

இன்னொரு பெருமையும் உண்டு. முதலூர், இடையன்குடி, நாசரேத் எல்லாம் எஸ்.பி.ஜி. மிஷன். மெஞ்ஞானபுரம், பாளையங்கோட்டை, டோனாவூர் எல்லாம் சி.எம்.எஸ். இரண்டும் இங்கிலாந்திலிருந்து வந்த மிஷனரிச் சங்கங்கள். 1947 செப்டம்பர் 27-இல் தென்னிந்தியத் திருச்சபை உண்டான பிறகு இதெல்லாம் ஏட்டில்தான். ஆனால் ஆச்சிக்கு எழுபது வருஷம் கழித்தும் ஏட்டில் இல்லை. "நான் எஸ்.பி.ஜி. காரி, ஒங்க தாத்தா சி.எம்.எஸ். காரரு. முழங்கால் போடத் தெரியாத சனம்" என்பார். மற்றவர்கள் உட்கார்ந்தபடி தலைகுனியும் இடத்தில் ஆச்சி மட்டும் முழங்காலில் நிற்பார். எண்பத்தைந்து வயது வரை நின்றார்.

மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை (கல்யாண அறிவிப்பு) வாசித்தபோது, "எஸ்.பி.ஜி. பொண்ணு" என்று பின்னால் முணுமுணுத்தார்களாம். அந்தக் கோயிலிலேயே அப்புறம் பாட்டு எடுத்துக்கொடுத்ததும் அந்த எஸ்.பி.ஜி. பொண்ணுதான்.

நவம்பர் 10, இரவு

கைப்பிடி அரிசி. குறிப்பில் இதற்குத்தான் முதல் இடம் என்று முடிவு பண்ணியிருக்கிறேன்.

தெரியாதவர்களுக்கு: சோற்றுக்கு அரிசி அளந்ததும், உலையில் போடுவதற்கு முன் ஒரு கைப்பிடி எடுத்துத் தனியாக வைப்பது. வாரக் கடைசியில் சேர்ந்ததைக் கோயிலில் படைப்பார்கள். அரிசியை ஏலம் போட்டு, வரும் பணம் ஊழியத்துக்குப் போகும். 1903-இல் பாளையங்கோட்டையில் இந்தியன் மிஷனரி சொசைட்டி தொடங்கினபோது சீமைப் பணம் வாங்குவதில்லை, நம் பணத்திலேயே நடத்துவது என்று தீர்மானித்தார்கள். அதை முன்னின்று நடத்திய வே.ச. அசரியா பிறந்த வெள்ளாளன்விளை எங்கள் ஊரிலிருந்து கூப்பிடு தூரம். தெலுங்கு நாட்டில் தோர்ணக்கல் வரைக்கும் போன அந்த ஊழியத்தைத் தாங்கியது இப்படிச் சேர்ந்த சில்லறையும் அரிசியும்தான். ஆச்சிக்கு அது சரித்திரம் இல்லை, வீட்டுக் கணக்கு. "தோர்ணக்கலுக்கு எடுத்து வச்சாச்சா?" என்றுதான் மருமகளைக் கேட்பார்.

இன்று என் கைப்பிடியை நிறுத்துப் பார்த்தேன். 50 கிராம் சொச்சம். ஒரு நாளைக்கு இரண்டு வேளை, வருஷத்துக்கு 36 கிலோ. எழுபது வருஷத்துக்கு இரண்டரை டன். என் ஆச்சியின் உள்ளங்கை வழியாக.

நவம்பர் 11

நேற்றைய கணக்கு தப்பு. அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன். "அந்தக் காலத்துல ரெண்டு வேளையும் நெல்லுச் சோறா? ஞாயிறு ஒரு நாள்தான்" என்றார். 1950-களிலும் 60-களிலும் தேரிக்காட்டு வீடுகளில் கம்பும் சோளமும் பனங்கிழங்கும்தான் அன்றாடம். அப்படியானால் என்னத்தை எடுத்து வைத்தார்? கம்பு பொங்கினால் ஒரு கைப்பிடி கம்பு. கஞ்சிக்கும் வழியில்லாத நாளில் ஒரு சில்லுக் கருப்பட்டி. கோழி முட்டையிட்டால் முட்டை.

இரண்டரை டன்னை அடித்துவிடுகிறேன். எத்தனை கிலோ என்று இனிச் சொல்ல முடியாது. ஆனால் கம்பில் எடுத்த கைப்பிடிதான் பெரிய கைப்பிடி என்று இப்போது படுகிறது.

நவம்பர் 16

ஏலத்தைப் பற்றி ஒருவர் கேட்டிருந்தார். ஆராதனை முடிந்ததும் கோயில் வாசலில் வாழைத்தார், தேங்காய், சேவல், எலுமிச்சை, முருங்கைக்காய்க் கட்டு எல்லாம் ஏலம். ஐந்து ரூபாய் எலுமிச்சை ஐந்நூறுக்குப் போகும். வாங்கியவரே திரும்பப் படைப்பார், மறுபடி ஏலம். ஆச்சி ஏலத்தில் வாய் திறக்க மாட்டார், ஆனால் யாருக்கு எது போகணும் என்று கண்ணாலேயே காட்டிவிடுவார். போன மாதம் வேலை போனவன் சேவல் கேட்டால் எதிர்த்துக் கேட்கிறவனைப் பார்த்து ஒரு முறைப்பு. அவன் வாயை மூடிக்கொள்வான்.

சரி, பாட்டுக்கு வருகிறேன்.

ஆச்சியின் அப்பா பனையேறி. பங்குனி தொடங்கி ஆடி வரை பதநீர்க் காலம். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவி இறக்கிய பதநீரை விடிலியில் (கருப்பட்டி காய்ச்சும் ஓலைக் குடிசை) காய்ச்சுவது வீட்டுப் பெண்கள் வேலை. எட்டு வயதிலிருந்து ஆச்சி அடுப்படியில். பெரிய தாச்சியில் பதநீர் கொதித்துப் பொங்கும்போது ஆமணக்கு முத்தை நசுக்கித் துளி போட்டால் அடங்கும். பொன்னிறமாகி, சிவந்து, கூழாகிப் பாகாகும். துடுப்பால் இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும், நிறுத்தினால் அடிப்பிடிக்கும். ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு உருட்டிப் பார்த்து, உருண்டால் சிரட்டையில் ஊற்றலாம்.

அந்த விடிலியில் கடிகாரம் ஏது? ஆச்சியின் அம்மா கீர்த்தனையை வைத்துத்தான் நேரம் பார்ப்பாராம். இந்தப் பாட்டில் பல்லவியோடு ஐந்து சரணம் பாடி முடித்தால் பதம் வரும். வேகமாகப் பாடினால் பாகு இளகல், இழுத்துப் பாடினால் கருகல். அதனால் ஆச்சியின் பாட்டுக்குத் தாளம் துடுப்புத் தாளம். ஆர்மோனியக்காரர் எவ்வளவு அவசரப்பட்டாலும் ஆச்சி அசைய மாட்டார். ஆர்மோனியம்தான் இறங்கி வரணும். அஞ்சு சரணப் பாட்டில் ஒரு சரணத்தை விட்டுப் பாடினால் பொறுக்க மாட்டார். "பதம் வராது" என்பார். கோயிலில் வைத்தே சொல்வார்.

வீடு கோயிலுக்குப் பின் தெரு. அங்கே பாடினால் எங்கள் அடுப்படியில் கேட்கும்.

நவம்பர் 17

இது எழுதலாமா என்று யோசித்தேன்.

ஊரில் துக்க மணி அடித்தால் ஆச்சிதான் முதல் ஆளாகப் போவார். போய் என்ன செய்வார் என்றால், வாய்விட்டு அழுவார். செத்தவர் சொந்தமோ இல்லையோ. அழுதுவிட்டு, அந்த வீட்டுக்காரியைத் தோளோடு சேர்த்துப் பிடித்து "அழுட்டி, நல்லா அழு, யாரு சொன்னாலும் நிறுத்தாத" என்பார். கல்லூரியில் படிக்கும்போது எனக்கு இது கூச்சமாக இருந்தது. நம்பிக்கை உள்ளவர்கள் இப்படி அழக்கூடாது என்று ஞாயிறு பள்ளியில் சொல்லித் தந்திருந்தார்கள். ஒருமுறை ஆச்சியிடமே சொன்னேன். பதில் சொல்லவில்லை. வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டார். அதற்குப் பிறகு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. ஆச்சி என்னோடு பேசாமல் இருந்தது அந்த ஒரு முறைதான்.

குறிப்பில் "துக்க வீடுகளில் ஆறுதல் சொன்னவர்" என்று எழுதியிருந்தேன். ஆறுதலா அது?

நவம்பர் 24, இரவு 10.50

சித்தியிடம் பேசிவிட்டு எழுதுகிறேன். முதல் பதிவில் சொன்னது தப்பு. தலைப்பையும் மாற்ற வேண்டும், ஆனால் மாற்றப்போவதில்லை. எங்கிருந்து தொடங்கினேன் என்பது இருக்கட்டும். மீதி நாளைக்கு.

நவம்பர் 25, காலை 5.30

அம்மாவுக்கும் பெரிய மாமாவுக்கும் அடுத்து சித்தி. சித்திக்கு அடுத்து ஒரு பையன் இருந்தான் என்று தெரியும். சின்ன வயதில் காய்ச்சலில் போய்விட்டான் என்று மட்டும் சொல்வார்கள். நாள்காட்டித் தாளில் இருப்பது அவன் போன தேதியாக இருக்கும் என்று நினைத்துத்தான் சித்தியைக் கூப்பிட்டேன். "1966-லயா? இல்லட்டி. அவன் போனது அதுக்கு மொத வருசம், வெயில் காலம். எனக்கு ஏழு வயசு" என்றார். அப்புறம் நான் கேட்காமலே சொன்னார்.

தாத்தா அப்போது கொழும்பில், ஒரு மொத்தக் கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வருவார். பையனுக்கு நாலு வயது. மூன்று நாள் காய்ச்சல். தந்தி போய்ச் சேர்ந்தபோது அடக்கமே முடிந்துவிட்டது. ஆச்சிக்கு முப்பத்தொரு வயது, தனியாக நின்று மண் போட்டார்.

கல்லறைத் தோட்டத்தில் ஆச்சி சத்தமாக அழுதாராம். சபையில் மதிப்பான ஒரு பெரியவர் எல்லார் முன்னாலும் சொல்லியிருக்கிறார்: "விசுவாசி இப்படி அழக்கூடாது, பாட்டு எடுத்துக் குடுக்கிறவ நீயே இப்படிச் செய்தா மத்தவங்க என்ன நினைப்பாங்க." ஆச்சி அழுகையை நிறுத்திவிட்டார். வீட்டுக்கு வந்தார். அடுத்த ஞாயிறு பிள்ளைகளைக் குளிப்பாட்டி, தலை சீவி, கோயிலுக்கு அனுப்பிவிட்டுத் தான் அடுப்படியில் உட்கார்ந்துகொண்டார். மாமியார் கேட்டதற்கு, "அழக் கூடாதுன்னா எனக்கு அந்தக் கோயில் வேண்டாம்."

பதினோரு மாதம் போகவில்லை என்கிறார் சித்தி. ஐயர் வந்து பேசினார், உபதேசியார் வந்து பேசினார், சங்கத்துப் பெண்கள் வந்து சுற்றி உட்கார்ந்தார்கள். எல்லாருக்கும் கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொடுத்து அனுப்பினார்.

ஆனால் கைப்பிடி நிற்கவில்லை. சித்தி சொன்னதை அப்படியே தருகிறேன்: "கம்பு பொங்கினாலும் எடுத்து வச்சா. ஞாயித்துக்கிழமை ஓலைப்பெட்டியில கொட்டி என் தலையில தூக்கி வச்சு, கோயில்ல குடுத்துட்டு வான்னு அனுப்புவா. நாந்தான் கொண்டு போவேன்."

எப்படித் திரும்பிப் போனார் என்று கேட்டேன். தெரியாது, ஒருநாள் போனா, அவ்வளவுதான் என்றார்.

நவம்பர் 25, மத்தியானம்

எனக்கு வேலை ஓடவில்லை. நவம்பர் 17-இல் நான் எழுதியதை மறுபடி வாசித்தேன். அந்த வெற்றிலையை மடித்த கை. அந்தப் பெரியவர் சொன்ன அதே வாக்கியத்தை, பேத்தி நான் முப்பது வருஷம் கழித்து அவர் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறேன்.

"அழுட்டி, யாரு சொன்னாலும் நிறுத்தாத." அது ஆறுதல்தான். அதைவிடப் பெரிய ஆறுதலை அந்த ஊரில் யாரும் யாருக்கும் சொன்னதில்லை.

நவம்பர் 30

மூன்று பேர் ஒரே மாதிரி கேட்டிருக்கிறீர்கள்: இறந்தவர் மறைத்ததை வெளியே எழுதலாமா, அதுவும் கோயிலில் வாசிக்கலாமா என்று. பெரிய மாமாவும் அதையே சொல்கிறார். "அம்மா கோயிலுக்குப் போகாம இருந்தாங்கன்னு ஐயர் வாயால வாசிக்கணுமா?" அவருக்கு அப்போது ஒன்பது வயது. பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகள் கேலி செய்திருக்கிறார்கள். அந்த வலி அவருக்கு இன்னும் ஆறவில்லை என்பது பேச்சிலேயே தெரிந்தது. அவரை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் ஆச்சி மறைத்தார் என்று எனக்குத் தோன்றவில்லை. வேதாகமத்தில் அடையாளம் வைத்திருந்தார். 88-ஆம் சங்கீதத்தை வாசித்துப் பாருங்கள். மற்றப் புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலும் ஒரு நம்பிக்கைச் சொல்லில் போய் முடியும். அதில் கடைசி வரிவரை ஆறுதல் வராது. ஆனாலும் இரவும் பகலும் கர்த்தரை நோக்கித்தான் கூப்பிடுகிறது. ஆச்சி அடுப்படியில் உட்கார்ந்து அதைத்தான் செய்திருக்கிறார். தலைமேல் ஓலைப்பெட்டியோடு ஏழு வயதுப் பிள்ளையை அனுப்பிய பெண் கடவுளை விட்டுப் போனவள் இல்லை. கோபமாக இருந்தவள். அந்தக் கோபத்தை எடுத்துவிட்டால், துக்க வீடுகளுக்கு முதல் ஆளாக ஓடினது ஏன் என்று யாருக்கும் விளங்காது.

மாமாவிடம் இதைச் சொன்னேன். போனை வைத்துவிட்டார்.

டிசம்பர் 8

மாமா கூப்பிட்டார். "ஒரே ஒரு வரி. அதுக்கு மேல வேண்டாம். அந்தப் பெரியவர் யாருன்னு தெரியக் கூடாது, அவர் பேரப் பிள்ளைங்க கோயில்ல இருப்பாங்க." சரி என்றேன். ஒரு வரி போதும்.

டிசம்பர் 15

அடக்கப் பதிவேட்டில் பையனின் பெயர் இருக்கிறது. 1965 மே 6, வியாழன். வயது 4. அவ்வளவுதான் எழுதியிருக்கிறது. ஆகவே ஆச்சி போகாத முதல் ஞாயிறு மே 9. பதினோரு மாதம் என்றால் 1966 ஏப்ரலில் திரும்பியிருக்க வேண்டும், அந்த வருஷம் ஈஸ்டர் ஏப்ரல் 10. ஈஸ்டருக்குத்தான் போயிருப்பார் என்று வைத்துக்கொண்டேன், பொருத்தமாகவும் இருந்தது. ஜூலைத் தாள்தான் எதோடும் ஒட்டவில்லை.

டிசம்பர் 26

ஊருக்கு வந்திருக்கிறேன். தேரியில் எங்கே நின்றாலும் மெஞ்ஞானபுரம் தேவாலயக் கோபுரம் தெரிகிறது. 192 அடி. சின்ன வயதில் வழி தப்பினால் அதைப் பார்த்து நடக்கச் சொல்லித்தந்தது ஆச்சி.

எங்கள் ஊர்க் கோயிலில் பெண்கள் பக்கம் மூன்றாவது தூண் ஆச்சியின் தூண். சமுக்காளத்தில் உட்கார்ந்து பிரசங்க நேரத்தில் தலையைச் சாய்த்துக்கொள்வார். தேங்காய் எண்ணெய்த் தலை. வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு வெள்ளையடிப்பார்கள், பொங்கலுக்குள் அந்த இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சள் வட்டம் மறுபடி வந்துவிடும். வெள்ளையடிக்கிறவர் ஆச்சியிடம் சண்டைபோடுவார். போன வருஷம் வெள்ளத்தால் வெள்ளையடிக்கவில்லை, அதனால் வட்டம் அப்படியே இருந்தது. இந்த வருஷம் அடித்துவிட்டார்கள். நேற்று அதிகாலை ஆராதனையில் அந்த இடத்தைத் தடவிப் பார்த்தேன். சுண்ணாம்பு விரலில் ஒட்டியது.

2025 ஜனவரி 19, இரவு

வாசித்தாயிற்று. அந்த ஒரு வரி இதுதான்: "1965-இல் நான்கு வயது மகனை இழந்தபோது பதினோரு மாதம் ஆலயத்துக்கு வராமல் வீட்டிலிருந்து அழுதார், அந்த நாட்களிலும் கைப்பிடி அரிசி ஒரு வாரமும் நிற்கவில்லை." ஐயர் அந்த இடத்தில் நிறுத்தி, ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, அப்புறம் தொடர்ந்தார். கோயிலில் சத்தமே இல்லை. பெரிய மாமா முன்வரிசையில் குனிந்து உட்கார்ந்திருந்தார், தோள் குலுங்கியது.

ஆராதனை முடிந்து பந்தி நடக்கும்போது நாசரேத்திலிருந்து ஒரு பாட்டியைக் காரில் கூட்டிவந்து இறக்கினார்கள். பழைய கோயில் குட்டியாரின் சம்சாரம். மணியடித்து, கோயில் பெருக்கி, விளக்கேற்றிய குடும்பம். ஆச்சியை விட ஆறேழு வயது இளையவர். இப்போது மகள் வீட்டில் இருக்கிறார். வாசித்ததை யாரோ காதில் சொல்லியிருக்கிறார்கள். என்னைக் கூப்பிட்டார்.

"பதினோரு மாசம்னு யாரு எழுதுனா?"

"நான்தான் பாட்டி. சித்தி சொன்னாங்க."

"பதினாலு மாசம்லா. ஒஞ் சித்திக்கு என்ன தெரியும்? ரெண்டு வாட்டி அரிசி கொண்டாந்தா, பாதிய வழியில கொட்டிட்டா. பொறவு நாந்தான வாரா வாரம் வீட்டுக்கு வந்து வாங்கிட்டுப் போவேன். ஒரு வார்த்த பேச மாட்டேன். அவளும் பேச மாட்டா. பெட்டிய மாத்திக்கிட்டு ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் அடுப்படியில இருப்போம். அழுதான்னா நானும் அழுவேன். அவ்வளவுதான்."

எப்படித் திரும்பி வந்தார் என்று கேட்டேன்.

"அவ இல்லாததுனால பாட்டு எடுக்கச் சொல்லி என்னத் தள்ளிவிட்டுட்டாங்க. எனக்கு எங்க வரும்? அன்னைக்கு ராப்போசன ஞாயிறு. அந்த அஞ்சு சரணப் பாட்டு. மூணாவது சரணம் எனக்கு மறந்து போச்சு, நாலாவதுக்குத் தாவிட்டேன். ஆளுக்கு ஒரு பக்கமா இழுக்காங்க. பின்வாசல்ல இருந்து மூணாவது சரணம் கேக்கு. திரும்பிப் பாத்தா ஒங்க ஆச்சி நிக்கா. ஈரத் தல, கையில அடுப்புக் கரி. பாடிக்கிட்டே வந்து தூணுகிட்ட ஒக்காந்தா. முடிஞ்சு வெளிய வந்து எங்கிட்ட என்ன சொன்னா தெரியுமா? அந்தப் பாட்ட இப்படியாட்டி கொல்லுவ, வீட்ல இருந்து கேட்டுக்கிட்டு இருக்க முடியல."

அது எந்த மாதம் என்று கேட்டேன்.

"பதநீர் முடியப்போற சமயம். ஆடி பொறக்க ஒரு வாரம் கெடந்துச்சு."

ஜனவரி 20, காலை

நேற்று ராத்திரி வேதாகமத்தை எடுத்துத் தாளைப் பார்த்தேன். 1966 ஜூலை 10, ஞாயிறு. அது இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். வாழ்க்கைக் குறிப்பில் பதினோரு என்பதை அடித்துப் பதினான்கு என்று பென்சிலால் எழுதி, படம் பிடித்துக் குடும்பக் குழுவில் போட்டேன்.

சித்தியிடமிருந்து உடனே பதில்: "மாசம் நீ எழுதினபடியே இருக்கட்டும். ஆனா அரிசியப் பாதியெல்லாம் கொட்டல. கொஞ்சந்தான் கொட்டினேன்."